மரியாதைப் பாட்டின் நான்காம் சுற்று

நகர மன்றத்தின் மேற்கு ஜன்னல் வழியே ஏரியின் வெளிச்சம் உள்ளே வந்து சுவரில் நெளிகிறது. அக்டோபர் விடுமுறையிலிருந்து கொலம்பஸின் பெயரை எடுத்துவிட்டு, இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் பெயரை வைக்கச் சொல்லும் தீர்மானம் இன்று வந்திருக்கிறது. பேச ஆளுக்கு மூன்று நிமிடம். எங்கள் டெல்ஃபின் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ரிப்பன் வைத்துத் தைத்த பாவாடையோடு எழுந்து, கைமேளத்தை அடித்து மரியாதைப் பாட்டைத் தொடங்குகிறாள். அந்தப் பாட்டுக்கு யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஆண்கள் தலையில் தொப்பி இருக்கக் கூடாது. எங்களோடு மீன் பிடித்து வளர்ந்த உறுப்பினர்களுக்கு அது தெரியும். ஒவ்வொருவராக ஆறு பேரும் எழுகிறார்கள். மேசையில் சிவப்பு விளக்கு எரிகிறது. மன்றத் தலைவர் ஹால்வர்சன் மட்டும் தொப்பியோடு உட்கார்ந்து சுத்தியலைத் தட்டுகிறார். "நேரம் முடிஞ்சு போச்சும்மா." டெல்ஃபினின் கை நிற்கவில்லை. "மூணு சுத்துதான் ஆயிருக்கு தலைவரே, நாலு பாடினாத்தான் பாட்டு. நீங்க பாட்டுக்குத் தட்டுங்க, தாளத்துக்கு ஆகும்." கூடம் சிரித்து அடங்குகிறது. நான்காம் சுற்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்து முடிகிறது.

"சரி, ஓட்டெடுப்பு. ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க," என்று எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டுத்தான் ஹால்வர்சன் நிமிர்கிறார். ஆறு பேரும் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். பிறகு அவருடைய நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்கிறது.