படித்துறையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு

தியேட்டரே சிரித்துக்கொண்டிருந்தது. பால்கனியில் சேஷன் மட்டும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன்னா, பக்கத்துல எல்லாரும் பாக்கறா," என்றாள் மனைவி நாகலக்ஷ்மி.

"பாக்கட்டும். அபயாம்பா காத்துண்டு நிக்கறாளேடி. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

அபயாம்பாள் அவருக்கு உறவில்லை. நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு நாவலின் நாயகி. ஊரை விட்டுப் போகும் நாளில் காதலனுக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் படித்துறையில் நின்று, அவன் வராமலே வண்டியேறிப் போனவள். பள்ளிக்கூட நாளில் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தவர் சேஷன். அன்று முதல் அவள் அவருக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி.

திரையில் அவளே அபி என்கிற பிளஸ் டூ மாணவி. படித்துறை போய் கரமனை பஸ் ஸ்டாப் வந்திருந்தது. தூது போன ஆளுக்குப் பதில் கையில் மொபைலும் வாட்ஸ்அப்பும். ஜீன்ஸ் போட்ட காதலன் தனியறையில் அக்ரகாரத்துத் தமிழில் உருகினான்.

"அபி, நோக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?"

விசில் பறந்தது. ஏன் என்று சேஷனுக்கு விளங்கவேயில்லை. அவர் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

அடுத்த வசனத்தை அவர் உதடு முந்திக்கொண்டு முணுமுணுத்தது. "ஒரு டிக்தான் விழுந்திருக்கு. இன்னொண்ணு விழறதுக்குள்ள என் ஆயுசே போயிடும்." அதன் பிறகுதான் திரையில் அபி அதைச் சொன்னாள்.

பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் சிரித்தபடியே திரும்பி மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். "அங்கிள் முந்தியே கண்டாச்சோ?"

"நாவலைப் படிச்சிருக்கேன் கொழந்தே."

"ஐயோ, இது நாவலாணோ?" என்று அவள் தோழியின் தோளில் சாய்ந்து மறுபடியும் சிரித்தாள்.

சேஷனுக்கு எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் ஆபரேட்டரிடம் படத்தை நிறுத்தச் சொல்லலாமா என்றும் தோன்றியது. எதுவும் நடக்காது என்று அவருக்கே தெரியும். கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நண்பர், சாலைக் கடைத்தெரு வியாபாரி குற்றாலலிங்கமோ திரையை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பி ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. அதற்காவது ஒரே ஒருவர் அழுதால் போதும், அபயாம்பாள் மானம் பிழைக்கும் என்று சேஷன் பகவானை வேண்டிக்கொண்டார்.

பஸ் புறப்பட்டது. காதலன் பின்னாலேயே ஓடினான். "போகாதேடி. நீ போயிட்டா ஆத்துல நான் யார்ட்ட பேசுவேன்?"

சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. சேஷன் தவிப்போடு மனைவி பக்கம் திரும்பினார். நாகலக்ஷ்மி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"நீயாவது அழறியேடி," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்கோன்னா. எவ்வளவோ அடக்கிப் பாத்தேன்," என்றவள் அதற்குமேல் முடியாமல் வெடித்துச் சிரித்தாள்.

விளக்குகள் எரிந்தன. கூட்டம் அபியின் வசனங்களைச் சொல்லிக்கொண்டே கலைந்தது. சேஷன் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

குற்றாலலிங்கம் மேலே வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"எல்லாம் போச்சு," என்றார் சேஷன். "அவளைப் பாத்து ஊரே சிரிச்சுடுத்து."

"அழாதேயும் டைரக்டரே. நான் போட்ட காசு வந்துரும். காமெடிப் படம்னு இன்னைக்கே போஸ்டர் ஒட்டிருவோம்."