அடுப்படி ஜன்னல்

கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஜன்னல் வாங்கப் போன இடத்தில் மருமகள் ஒன்று கூடுதலாகத் தேர்ந்தெடுத்தாள். அடுப்படிக்காம்! கணவன் தலையில் அடித்துக்கொண்டான். அடுப்படிச் சுவரும் பக்கத்துக் கிடங்கின் சுவரும் முதுகோடு முதுகாக ஒட்டி நின்றன. நடுவே விரல் நுழையவும் இடமில்லை.

"செங்கல்லப் பாக்கறதுக்கா ஜன்னல்?" என்றார் மாமியார்.

"வாடகை வீட்டுல பத்து வருஷமா புகையில வெந்தது நான்தானே அத்தை? வைக்கச் சொல்லுங்க."

பிடித்த பிடியை அவள் விடவில்லை. கொத்தனார் சிரித்துக்கொண்டே கிடங்கின் செங்கல்மேல் சட்டத்தைப் பொருத்திவிட்டுப் போனார்.

குடிவந்த அன்று காலை அவள் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவுகளையும் வெளியே தள்ளினாள். இரண்டும் முழுசாகத் திறந்தன. காற்று சிலுசிலுவென்று வந்தது. வெயில் அடுப்பு மேடைவரை விழுந்தது. கணவன் தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். கிடங்கு இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பி வந்தவன் டீ கேட்டான். மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த வாரமே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அங்கே காயப்போட்ட கரித்துணி காற்றில் வெளியே பறந்துவிட்டது. மறுநாள் காலை அது ஜன்னல் விளிம்பில் இருந்தது. யாரோ வெளுக்கத் துவைத்து, நெருப்புப் பட்ட ஓட்டையைத் தைத்து, நாலாக மடித்து வைத்திருந்தார்கள். இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

மருமகள் அதைக் கொடிபோலத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா அத்தை? அக்கம்பக்கமும் நல்லா அமைஞ்சிடுச்சு!"