சின்னப் பெட்டி

பாறசாலையில் சவப்பெட்டி செய்யும் பயஸின் கடைக்குள் மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. மூலையில் இருக்கும் குழந்தைப் பெட்டிக்குள், வெள்ளைத் துணியின் மேல், தெருப்பூனை ஒன்று மூன்று குட்டிகளை ஈன்று கிடக்கிறது. ஈரம் காயாத குட்டிகள் கண் திறக்காமலே முலையைத் தேடுகின்றன. பயஸ் சுத்தியலைக் கீழே வைக்கிறான். அவை பால் குடிக்கும் ஓசை இப்போது கேட்கிறது. மூடியை எடுத்து, வெயில் படாதபடி பெட்டியருகே சாய்த்து நிறுத்துகிறான். அவன் மனைவி அகஸ்டினா வாழையிலைத் துண்டில் சாளை மீன் தலைகளைக் கொண்டுவந்து பூனைக்கு வைக்கிறாள்.

"துணியெல்லாம் ரெத்தமா கெடக்கே. இனி இந்தப் பெட்டிய ஆரு வாங்குவா?"

பயஸ் குட்டிகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"செஞ்சு வச்சு ரெண்டு வருசமாச்சு. இதுவரெ ஆரும் கேட்டு வரல்ல. இனியும் வரண்டாம்."