பாதிப் பேரிக்காய்

பேரிக்காயை இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஜியான்பிங்கின் தட்டில் வைத்த பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்று ஷுலனுக்கு உறைத்தது.

கையில் கத்தி அப்படியே நின்றது.

அந்த வீட்டில் பதினெட்டு வருடமாக யாரும் பேரிக்காயைப் பங்கு போட்டதில்லை. ஆளுக்கு முழுசாக ஒன்று, இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. வுஷி நகரத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர்கள் பேச்சில் பேரிக்காய்க்கும் 'லீ', பிரிவுக்கும் 'லீ'. தெரிந்தே யாராவது பிரிவைப் பங்கு போட்டுத் தின்பார்களா?

போன புத்தாண்டில் ஒரே ஒரு பழம் மிஞ்சியபோதுகூட, அதை வெட்டாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியவள் அவள்.

இன்று மகள் யாயாவுக்குக் கொடுத்தது போக ஒன்றுதான் மிச்சம். யோசனை வேறெங்கோ இருந்தது. கை தன்பாட்டுக்கு வெட்டிவிட்டது.

எதிரே யாயா தன் பழத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, அப்பாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷுலனும் ஜியான்பிங்கும் மார்ச் மாதமே கையெழுத்துப் போட்டுப் பிரிந்தாயிற்று. ஆளுக்கொரு சிவப்பு அட்டை விவாகரத்துச் சான்றிதழும் வந்தாயிற்று. தன்னுடையதை அவள் குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவில் செருகி வைத்திருந்தாள். வெயில் காலம் வரும்போது அதை யார் புரட்டப் போகிறார்கள்?

கல்லூரி நுழைவுத் தேர்வு முடியும்வரை யாயாவிடம் மூச்சு விடக்கூடாது என்று ஏற்பாடு. பன்னிரண்டு வருடப் படிப்பும் அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது. பிள்ளையின் மனசு கலைந்தால் எல்லாம் போச்சு.

அதனால் ஜியான்பிங் தினமும் ஏழு மணிக்கு ஊரின் மறுகோடியிலிருந்து வருவான். பழைய வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடுவான். ஒன்பது மணிக்கு, ஆலையில் இரவு ஷிப்ட் என்று சொல்லிக் கிளம்புவான். நடிப்பு அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. போன வாரம் ஷுலனைப் பார்த்து, "உங்க வீட்டுல உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தான்.

இன்னும் ஒன்பதே நாள். இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது ஒரு பேரிக்காயில் கெட்டுவிடுமோ?

ஜியான்பிங் பாதிப் பழத்தை எடுத்தான். திரும்பத் தட்டிலேயே வைத்தான். பதற்றத்தில், மேசை மேல் திறந்து கிடந்த யாயாவின் நோட்டை இழுத்துக்கொண்டான். பழைய நாடகப் பாடம், எந்த இடத்தில் என்ன உத்தி என்று கேட்கும் கேள்விகள்.

"நான் கேக்கறேன், நீ சொல்லு. நாலாவது கேள்வி. 'கணவனை வழியனுப்பும்போது நாயகி அழவில்லை. ஒரு பேரிக்காயை வெட்டிப் பாதியை அவனிடம்...'"

அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டான்.

"சிலேடைப்பா," என்றாள் யாயா. "லீன்னா பேரிக்காய், லீன்னா பிரிவு. வாய் சொல்லாததைக் கை சொல்லிடுச்சு. சுலபமான கேள்வி. அடுத்ததைக் கேளுங்க."

ஷுலன் கத்தியை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஐந்து. 'நடிகர் தன் நீண்ட சட்டைக் கையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பேசுவது எதைக் குறிக்கும்?'"

"மனசுல இருக்கறத, பார்க்க வந்த ஜனங்களுக்கு மட்டும் சொல்றாங்கன்னு அர்த்தம். மேடையில பக்கத்துலயே ஆள் நிப்பாங்க. ஆனா அவங்க காதுல விழலைன்னுதான் வெச்சுக்கணும். கையை இறக்கினதும் கதை விட்ட இடத்துலேருந்து ஓடும்."

"அதெப்படி? பக்கத்துல நிக்கறவன் என்ன செவிடா?"

"மேடையோட விதி அப்படிப்பா. கேட்டாலும் கேக்கல."

சொல்லிவிட்டு, கடித்து முடித்த பழத்தின் விதைப்பகுதியைத் தட்டில் வைத்தாள்.

பிறகு, அந்தப் புழுக்கத்திலும் கழற்றாத பள்ளிச் சட்டையின் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதை முகத்துக்கு நேரே தூக்கினாள். சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"போர்வைக்கு நடுவுல இருக்கற சிவப்பு அட்டையை நான் மார்ச்லயே பார்த்துட்டேன். பாவம், ரெண்டு பேரும். அப்பாவுக்கு உப்பு டப்பா இருக்கற இடமே மறந்துபோச்சு. தினமும் ரெண்டு பஸ் மாறி வரணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. ஆனா இந்த ஒன்பது நாளும் வந்தா, நான் நல்லாத் தூங்குவேன்."

கையை இறக்கினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பேனா மூடியைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

ஷுலனுக்கு எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் கேட்டதாகிவிடும். தன் பாதிப் பழத்தை எடுத்து வாயில் வைத்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

ஜியான்பிங் நோட்டில் பக்கத்தைப் புரட்டினான்.

"ஆறாவது கேள்வி," என்றான், எதுவுமே காதில் விழாதவன்போல.

மூன்று மாதத்தில் அவன் ஒழுங்காக நடித்தது அன்றைக்குத்தான்.