ஒத்துப்போன ஈரம்

"உன் மாடல்ல மண்ணு காஞ்சு கிடக்கு. என் மாடல்ல ஈரமா இருக்கு. சரி, மண்ணு என்ன சொல்லுதுன்னு பாத்தியா?"

இயக்குநர் கணினித் திரையை, ஒப்பந்த ஆய்வாளரான அவள் பக்கம் திருப்பினார். கடந்த இரண்டு வருஷத்து மண் ஈரம் மூன்று கோடுகளாக ஓடியது. நீலம் அவருடைய மாடல். கறுப்பு, கள நிலையத்தில் மண்ணுக்குள் புதைத்த கருவியின் அளவு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்ததில் எது எதுவென்றே தெரியவில்லை. சிவப்பு மட்டும் வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பியவள் போலக் கீழே தனியாகப் போனது. அது அவளுடைய மாடல்.

பெய்த மழையில் மண் எவ்வளவு குடிக்கிறது, மரம் எவ்வளவு உறிஞ்சுகிறது, எவ்வளவு ஆவியாகத் திரும்ப மேலே போகிறது என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் அந்த ஆய்வு மையத்தின் வேலை. அந்தக் கணக்கை வைத்துத்தான் வரப்போகிற வெயிலையும் வறட்சியையும் சொல்ல முடியும். அதைப் போடும் நிரலுக்குத்தான் மாடல் என்று பெயர். இயக்குநர் தன் மாடலை முனைவர் பட்டத்துக்காக எழுதியவர். அதன்பிறகு அதில் யாரையும் கை வைக்க விட்டதில்லை. எதையும் மூன்று தசம இடம் வரை துல்லியமாகக் கேட்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'தசமம்' என்று பெயர்.

"சார், மரத்தோட வேர் ஆழமா போறதை உங்க மாடல் கணக்குல எடுக்கலை. நான் எடுத்திருக்கேன். அவ்வளவு வேர் இழுத்தா மண்ணு காயத்தானே செய்யும்?"

"காயும்னு நீ சொல்றே. காயலைன்னு மண்ணு சொல்லுது. மண்ணுக்கு உன் மேல என்னம்மா பகை?"

பக்கத்தில் நின்ற துணை இயக்குநர், பதவிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சிரித்தார்.

"ஒரு தடவை அந்த நிலையத்துக்கே போய்ப் பாத்துட்டு வரட்டுமா சார்?"

"எதுக்கு? ஒரு நாள்கூட டேட்டா விட்டுப்போகாத நிலையம் அது ஒண்ணுதான். மண்ணைப் பாக்கப் போனேன்னு நீ பயணப்படி கேட்டா, கணக்குப் பிரிவுல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க." குரலைத் தணித்தார். "உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதில்ல? அதுக்குள்ள உன் மாடல் மண்ணோட ஒத்துப்போகட்டும். அப்புறம் நீட்டிக்கிறதைப் பத்திப் பேசலாம்."

வீட்டில் கணவன் துணி மடித்துக்கொண்டே கேட்டான்.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சியா?"

"தப்புன்னே தோணலைங்க. நாலு வருஷ உழைப்பு."

"அளந்து பாத்ததே வேற சொல்லுதுன்னா, நீதானே விட்டுக்கொடுக்கணும்? மண்ணு காஞ்சா காஞ்சுட்டுப் போகுது. நம்ம பொழப்பு காயாம பாத்துக்கோ."

அவன் சொன்னதில் முதல் பாதி அவளைக் குடைந்தது. கணக்கும் அளவும் சண்டை போட்டால் அளவு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அவளே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒருவேளை நான்கு வருஷமாகத் தப்பாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தோமோ என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மாடலில் வேர்களை வெட்டிக் குட்டையாக்கினாள். சிவப்புக் கோடு கொஞ்சம் மேலே ஏறியது. மரங்கள் உறிஞ்சும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாள். இன்னும் ஏறியது. போதவில்லை. தண்ணீர் கீழே இறங்காதபடி மண்ணுக்கு அடியில் ஒரு பாறையை வைத்தாள். அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு பாறை கிடையாது. ஆனால் கோடு போய் ஒட்டிக்கொண்டது. அவள் வளர்த்த காடு முழுக்கத் தொட்டிச் செடிகளாக மாறியிருந்தது.

"இப்பதான்மா நீ விஞ்ஞானி," என்றார் தசமம்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. 'தனித்தனியாக உருவான இரண்டு மாடல்களும் ஒரே முடிவைத் தருகின்றன. இந்த வட்டாரத்து மண் காயவில்லை. அஞ்சத் தேவையில்லை' என்று அறிக்கை மேலிடத்துக்குப் போனது. மேலிடமும் நிம்மதியாக அஞ்சாமல் இருந்தது.

சில மாதங்களில் விருது வந்தது. சிறந்த மாடல் என்று தசமத்துக்கு ஒன்று. விடுபடாத அளவீட்டுக்காகக் கள நிலையத்து அதிகாரிக்கு இன்னொன்று. மேடையிலேயே தசமம் அவரைக் கட்டிக்கொண்டார். "இவரோட கருவி இல்லைன்னா என் மாடலோட அருமை யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

தேநீர் இடைவேளையில் அந்த அதிகாரி அவள் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"உங்க கருவியை நான் மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா சார்? கடைசியில அதுதான் சரின்னு ஒத்துக்கிட்டேன்," என்றாள். "ஒரு நாள்கூடப் பழுதாகாம எப்படிப் பராமரிக்கிறீங்க?"

அதிகாரி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"எந்தக் கருவிம்மா? அது இடி விழுந்து கருகி மூணு வருஷமாச்சு. புதுசு கேட்டா வரலை. டேட்டா படிவத்துல கட்டத்தைக் காலியா விட்டா மெமோ மட்டும் சரியா வந்துச்சு. அதனால உங்க டைரக்டர் மாடல் தினமும் போடற நம்பரையே எடுத்து அனுப்பிட்டிருக்கோம்." பிறகு அவளை வாஞ்சையோடு பார்த்தார். "இனிமே அவரோட மாடல் ஒரு நாள் படுத்துக்கிட்டாலும் எங்களுக்குக் கவலை இல்ல. உங்களோடதும் இப்ப அதே நம்பரைத்தான் தருதாமே?"