பேர் போடாத செய்தி

"போக்குவரத்து அமைச்சர் ராஜினாமாவாம்!" கைப்பேசியில் ஏதோ ஒரு இணையதளத்தைக் காட்டினார் கணவர்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எழுதினவர் பேர் இல்ல. படம் போன தேர்தல்ல எடுத்தது. வேற எந்தப் பத்திரிகையும் போடல. சுத்தப் புரளிங்க!"

"இல்லம்மா, நிஜம்தான்."

"யார் சொன்னா?"

"நானேதான் காலையில கடிதம் கொடுத்தேன். கூட்டம், பயணம்னு அலைஞ்சது போதும்."

அமைச்சரின் மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். ஏழு வருடங்களாக இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே அபூர்வம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு ஃபோன் போட்டாள்.

"அப்பா பதவியை விட்டுட்டார்டி! இனிமே வீட்டுலதான்!"

மகள் சிரித்தாள். "எந்த வெப்சைட்ல படிச்சே? அதையெல்லாம் போய் நம்புறியேம்மா!"