மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியும்

"யாரும் அசையக் கூடாது."

சொல்லிவிட்டு அவன் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டான். கண்ணை ஸ்கோப்பில் வைத்தான்.

குடோன் பச்சையாக விரிந்தது.

வெளியே கொளுத்தும் மதிய வெயில். உள்ளே, ஷட்டரை இறக்கி, கூரையில் வெளிச்சம் ஒழுகும் இடமெல்லாம் தார்ப்பாய் போட்டு, தன் விரல் தனக்கே தெரியாத இருட்டு. அந்த இருட்டில் அவன் ஒருவனுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. அடுக்கிய அரிசி மூட்டைகள். எடை மிஷின். தரையில் நடுவாக இரைக்கு வைத்த கருவாட்டுத் தலை.

ஏர் ரைஃபிள் புதுசு. அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த, இருட்டில் பார்க்கும் ஸ்கோப் அதைவிடப் புதுசு. இரண்டுக்கும் இன்றைக்குத்தான் சோதனை.

அவனுக்கும்தான்.

பின்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமனார். மச்சினன் சிபி. மனைவி கோகிலவாணி. வேடிக்கை பார்க்க அவன்தான் கூப்பிட்டிருந்தான். கும்மிருட்டில் என்ன வேடிக்கை என்று கேட்கக்கூடத் தெரியாத கூட்டம்.

நெல்லை அவித்து அவித்து இவர்கள் மூளையும் வெந்துவிட்டது என்பது அவனுடைய முடிவு. பெருச்சாளிக்கு இன்னமும் பொறி வைக்கிற ஜென்மங்கள். அந்தப் பொறியில் போன வாரம் மாட்டியது சிபியின் கட்டைவிரல்.

செல்போன் கடை கவிழ்ந்து, ஜூஸ் கடை கவிழ்ந்து, வீட்டோடு மாப்பிள்ளையாக இந்த ரைஸ் மில்லுக்கு வந்து சேர்ந்தவன்தான். இருந்தாலும் மரியாதைக்குக் குறைவில்லை. 'ங்க' போடாமல் இந்த வீட்டில் ஒருத்தரும் அவனிடம் பேசியதில்லை. கேட்டுக் கேட்டு அவன் முதுகு நன்றாகவே நிமிர்ந்திருந்தது.

குடோன் சாவி மட்டும் இன்னும் மாமனாரின் பெல்ட்டில் தொங்கியது.

"ஒரே ஒரு பெருச்சாளி அடிச்சுக் காட்டுங்க மாப்ள. அப்புறம் குடோன் உங்க பொறுப்புங்க." காலையில் அவரே சொன்னது.

காம்பவுண்டுச் சுவரில் தேங்காய்த் தொட்டியை வைத்து அவன் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது சொன்னது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று அதிகம் என்றான் அவன். ஆமாங்க, பயங்கரக் காற்றுங்க என்றார் மாமனார்.

"தெரியுதுங்களா மாப்ள?" இருட்டிலிருந்து அவர் குரல், கோயிலில் பேசுகிற மாதிரி.

"எனக்கு எல்லாம் தெரியுது மாமா. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

"அது சரிதாங்க."

"மச்சான் கண்ணு கழுகுக் கண்ணுப்பா" என்றான் சிபி.

கர்க். கர்க்.

அவன் மூச்சை அடக்கினான்.

சத்தம் கருவாட்டுப் பக்கம் இல்லை. பின்னால். நாற்காலிகளை ஒட்டிய மூட்டையில்.

சுழல் ஸ்டூலில் ஓசைப்படாமல் திரும்பினான். துப்பாக்கியும் கூடவே திரும்பியது.

பச்சைக்குள் மாமனார் வந்தார்.

உதடு கோணி, மூக்கு சுளித்து, செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற முகம்.

"பொறுமையா அடிங்க மாப்ள. அவசரமே இல்லைங்க" என்றது அந்த முகம்.

ஒரு கணம் அவனுக்கு விளங்கவில்லை. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஸ்கோப்பை நகர்த்தினான்.

சிபி. இல்லாத துப்பாக்கி ஒன்றைத் தோளில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, நாக்கைத் துருத்திக்கொண்டு குரங்காட்டம் ஆடினான். அந்த இருட்டில் பார்க்க யாரும் கிடையாது. தன் சொந்த சந்தோஷத்துக்கு ஆடினான்.

"வந்துருச்சுங்களா மச்சான்?"

தேன் ஒழுகியது.

குறுக்குக் கோடு சிபியின் நெற்றியில் வந்து நின்றது. அவன் விரல் விசையின் மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவனுக்கே தெரியாது.

காலையில் தேங்காய்த் தொட்டி இருந்த தூரத்தில் பாதிகூட இல்லை. காற்றும் இல்லை.

அவள்?

அவளை அவன் தேடினான். கல்யாணம் ஆன நாளாக அவளை இத்தனை அவசரமாகத் தேடியதில்லை.

கைகளை மடியில் கோத்துக்கொண்டு கோகிலவாணி நேராக இந்தப் பக்கமே பார்த்திருந்தாள். சுளிப்பு இல்லை. நக்கல் இல்லை. அவனுக்குச் சோறு போடும்போது இருக்கும் முகம். அவன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். என் பொண்டாட்டிக்கு அடக்கம் ஜாஸ்தி என்று நண்பர்களிடம் அவன் பீற்றிக்கொண்ட அதே முகம்.

அவனுக்கு மூச்சு திரும்பி வந்தது.

விரலை எடுத்தான். இந்த வீட்டில் இவள் ஒருத்தியாவது நடிக்கவில்லை.

"லைட்டைப் போடு."

அவள்தான் எழுந்து, சுவரைத் தடவி, சுவிட்சைத் தட்டினாள். ட்யூப் லைட் துடித்துத் துடித்து எரிந்தது.

கருவாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் அவன்.

மாமனாரின் சுளித்த மூக்கு இறங்க வழி தெரியாமல் அப்படியே நின்றது. சிபியின் கைகள் இல்லாத துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன.

அவள் முகத்துக்கு மாற வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவன் தோளைத் தாண்டிப் பார்த்தாள். கருவாட்டுத் தலையைக் காணோம். தரையில் இழுத்துப் போன தடம் மட்டும்.

பிறகு அவனைப் பார்த்தாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?"